இல்லாமையும் பூட்டும்

சென்ற ஆண்டு எமது பாடசாலைக்குப் பத்துக் கணினிகள் வந்து சேர்ந்தன. மலைநாட்டுச் சிறு நகரொன்றிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறிச் செல்ல வேண்டிய பாடசாலை எம்முடையது. அங்கே பத்துக் கணினிகள் ஒருங்கே வந்திறங்குவது பெரிய நிகழ்ச்சியே. கையளிப்பு விழா நடந்தது, மாலைகள் சூட்டப்பட்டன, புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. இவை பாடசாலைகளுக்கென்றே குறைந்த விலையில், தேவையற்ற வசதிகள் நீக்கப்பட்டுத் தயாரிக்கப்பட்டவை என்று நன்கொடையாளர் சார்பிற் பேசியவர் பெருமையோடு கூறினார். நாமும் கைதட்டினோம்.

இரண்டு வாரங்களின் பின் தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் தமது கையெழுத்துச் சஞ்சிகையைக் கணினியில் அச்சுக்கோக்க விரும்பினர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நகரத்திலுள்ள தன் மைத்துனனிடமிருந்து தமிழில் தட்டெழுதுவதற்கான இலவச நிரல் ஒன்றைச் சிறு நினைவகக் கருவியிற் கொண்டுவந்திருந்தாள். கணினி அதனை ஏற்க மறுத்தது. நிருவாகியின் அனுமதி வேண்டும் என்றது. நிருவாகி யார்? நாமல்லோம்; அதிபருமல்லர். திறவுகோல் எங்கோ கொழும்பில், யாரோ ஒருவரிடம் இருந்தது. அப்பொழுது அம்மாணவி கேட்டாள்:

“சேர், இதுக்குள்ள அந்த வசதி இல்லையா, இல்லாட்டி இருந்தும் பூட்டி வச்சிருக்காங்களா?”

“இல்லை பிள்ளை, இதிலே அவ்வளவுதான் இருக்கு” என்றோம். அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்விடை எமக்கு வசதியாயிருந்தது. நன்கொடை தந்தவர்கள்மீது குறை கூறவேண்டிய சங்கடம் அதில் இல்லை. அடுத்த நன்கொடைக்குக் காத்திருந்த அதிபரின் மனமும் நோகாது. ஆயின் அது பொய். அவளுடைய வினாவோ, வறிய பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நாம் கேட்டவற்றுள் மிகக் கூர்மையான வினாக்களுள் ஒன்று. இல்லாமை வேறு, பூட்டு வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இல்லாமையைப் பார்ப்போம். இல்லாமை இழிவன்று. 1981இல் பிரித்தானியப் பாடசாலைகளை நோக்கி பிபிசி மைக்ரோ என்ற கணினி வெளிவந்தது. அதில் இரண்டு வகைகள் இருந்தன. மலிவான ‘ஏ’ வகையில் 16 கிலோபைற்று நினைவகமே இருந்தது. விலை கூடிய ‘பி’ வகையில் 32 கிலோபைற்று. அக்காலத்தில் நினைவகச் சில்லுகள் விலையுயர்ந்தவை. ஆகவே சில்லுகளைக் குறைத்தால் விலை உண்மையாகவே குறைந்தது. ‘ஏ’ வகையை வாங்கியவர் பின்னர் கையிற் பணம் சேர்ந்தபோது வேண்டிய சில்லுகளையும் உறுப்புகளையும் சேர்த்து அதனை ‘பி’ வகையாக உயர்த்திக்கொள்ள முடிந்தது. இடம் வெறுமையாயிருந்தது, அடைக்கப்பட்டிருக்கவில்லை.

இம்மரபின் வழியிலே 2012 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வந்தது. விலை 35 டொலர். பெட்டி இல்லை, விசைப்பலகை இல்லை, திரை இல்லை, தகவல்களைச் சேமிக்கும் தட்டும் இல்லை. உள்ளங்கையளவு சுற்றுப்பலகை ஒன்றே இருந்தது. வீட்டிலுள்ள தொலைக்காட்சியையே திரையாக இணைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்திற் கணினியியல் பயில வருவோரின் தொகை குறைந்து வருவதையும், வருவோருக்கு நிரலெழுதும் பழக்கம் அருகி வருவதையும் கண்டு கவலையுற்றவர்களே அதனை உருவாக்கினர். அதில் இல்லாதவை பல. ஆயின் இருப்பதைக் கொண்டு பிள்ளை என்ன செய்யலாம் என்பதற்கு எல்லைக்கோடு கீறப்படவில்லை. இதனை நாம் சிக்கனம் என்கிறோம். சிக்கனம் ஏழைவீட்டு அறம். அதில் நாணுவதற்கு எதுவுமில்லை.

இனிப் பூட்டுக்கு வருவோம்.

2004இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்டர் என்றொரு பதிப்பை அறிமுகப்படுத்தியது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இந்தியா, ரஷ்யா முதலிய நாடுகளில் மலிவான புதிய கணினிகளோடு சேர்த்து விற்பதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. அந்நாட்டு மொழிகளில் உதவிக் குறிப்புகளும் தரப்பட்டன. அது பாராட்டுக்குரியதே. ஆயின் அப்பதிப்பில் ஒரே வேளையில் மூன்று நிரல்களுக்கு மேல் இயக்க முடியாது. நான்காவதைத் திறந்தாற் கணினி மறுத்துவிடும். பல கணினிகளைப் பிணைத்து ஓர் அச்சுப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் அதில் இல்லை. பத்துக் கணினிக்கு ஓர் அச்சுப்பொறி என்ற நிலையிலுள்ள பாடசாலைக்கு இது எத்தகைய குறை என்பதை ஆசிரியர்கள் அறிவர். 2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்டர் பதிப்பில், மூன்று நிரல் என்ற எல்லை எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டது. எனினும் திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் உரிமைகூடப் பயன்படுத்துவோருக்கு அளிக்கப்படவில்லை.

ஒரு படத்தை மாற்ற விடாமையால் எவ்வளவு செலவு மிச்சமாகும்? ஒரு சதமும் மிச்சமாகாது என்பதே விடை. இங்கேதான் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். சில்லு ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தாக வேண்டும். ஒன்றைக் குறைத்தால் ஒன்றின் செலவு குறையும். மென்பொருளோ ஒருமுறை எழுதப்பட்டபின் கோடிப் பிரதிகளாகப் பெருகுவதற்குச் செலவு ஏறத்தாழ இல்லை. முழுமையான பிரதிக்கும் குறைக்கப்பட்ட பிரதிக்கும் ஆகும் செலவு ஒன்றே. உண்மையில் குறைக்கப்பட்ட பிரதிக்கே உழைப்புக் கூட. நான்காவது நிரலைத் தடுப்பதற்கு யாரோ ஒரு தொழிலாளி உட்கார்ந்து நிரலெழுத வேண்டியிருந்தது. வசதியைச் செய்வதற்குச் செலவிட்ட மனித உழைப்பின்மேல், அவ்வசதியை மறைப்பதற்காகவும் மனித உழைப்புச் செலவிடப்பட்டது. இச்சமுதாய அமைப்பின் முரண்பாட்டை இதனினும் எளிதாக மாணவர்க்கு விளக்கும் உதாரணத்தை நாம் கண்டதில்லை.

வன்பொருளிலும் இவ்வித்தை நிகழ்ந்ததுண்டு. 1991இல் இன்ரெல் நிறுவனம் 486எஸ்எக்ஸ் என்ற மலிவுச் செயலியை விற்பனைக்கு விட்டது. தொடக்கத்தில் அது விலை கூடிய 486டிஎக்ஸ் செயலியே. உள்ளேயிருந்த கணிதப் பகுதி மட்டும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. பின்னர் கணித வசதி வேண்டுமென்று 487 என்ற துணைச் செயலியை வாங்கினால், அதுவும் ஒரு முழுச் செயலியே. அதைப் பொருத்தியதும் பழைய செயலி உறங்கிவிடும். புதியதே எல்லா வேலையையும் செய்யும்.

இது கணினியுகத்திற் பிறந்த தந்திரமன்று. பிரெஞ்சுப் பொறியியலாளரான ஜூல் துப்புயி என்பார் 1849இலேயே இதனை விளக்கிவிட்டார். அக்காலப் புகைவண்டிகளின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றிற்குக் கூரை கிடையாது. கூரைக்கு ஆகும் சிறு செலவுக்கு அஞ்சிக் கம்பனிகள் அவ்வாறு விடவில்லை என்றார் அவர். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் அவனை அச்சுறுத்துவதற்காகவே ஏழைப் பயணி மழையில் நனையவிடப்பட்டான். ஏழையைத் துன்புறுத்துவது கம்பனியின் விருப்பமன்று. அவனுடைய துன்பம் இன்னொருவனிடம் கூடிய கட்டணம் பெறுவதற்கான கருவி, அவ்வளவே. மூன்று நிரல் மட்டுமே திறக்கும் கணினி கூரையில்லாத அப்பெட்டியின் வாரிசு. முழுப் பதிப்பின் விலையைக் காப்பதற்காகவே ஏழைப் பிள்ளையின் பதிப்பு அரையாக்கப்படுகின்றது.

இக்கதை முடிந்துவிடவில்லை. 2021 நவம்பரில் மலிவுப் பாடசாலைக் கணினிகளுக்கென விண்டோஸ் 11 எஸ்இ என்றொரு பதிப்பு அறிவிக்கப்பட்டது. மாணவர் தாமாக எந்த நிரலையும் அதில் நிறுவ முடியாது. கணினிகளை நிருவகிப்பவரும் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ளவற்றையே நிறுவலாம் என்ற விதியோடு அது வந்தது. நான்கே ஆண்டுகளுள், 2026 அக்டோபருடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்படும் என்று 2025இல் அதே நிறுவனம் அறிவித்தது. யந்திரம் தேயாதிருக்க, அதன் ஆயுள் மட்டும் வேறோரிடத்திலே தீர்மானிக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் எழுப்பும் தடைகளை நாம் நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும்.

“ஒன்றுமில்லாமையிலும் ஏதோ ஒன்று மேலல்லவா?” என்பது முதலாவது தடை. ஆம், மேல்தான். பசித்தவன் அரை வயிற்றுக் கஞ்சியைத் தள்ளிவிடலாகாது. அந்தப் பத்துக் கணினிகளை நாம் திருப்பி அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டோம். அவற்றிற் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆயின் ஏற்றுக்கொள்ளும் பிள்ளையின் அறம் வேறு. கொடுப்பவரதும், பாடசாலையின் பெயரால் ஒப்பமிடுபவரதும் அறம் வேறு. அரைக் கஞ்சியை வாங்கியவனிடம் பானையில் அவ்வளவே இருந்தது என்று நாம் பொய் கூறலாகாது.

“எல்லா வசதியும் பிள்ளைகளுக்கு எதற்கு? கட்டுப்பாடு வேண்டாமா?” என்பது இரண்டாவது தடை. இதிலும் உண்மை உண்டு. சிறு பிள்ளையின் கையில் எல்லாவற்றையும் திறந்துவிடும் ஆசிரியர் பொறுப்பற்றவர். ஆயின் நடைவண்டியும் ஒரு கட்டுப்பாடே. பிள்ளை நடக்கப் பழகியதும் தாய் அதனை அகற்றிவிடுகிறாள். அத்தகைய கட்டுப்பாட்டின் திறவுகோல் பிள்ளையை அறிந்தவர் கையில் இருக்கும். பிள்ளை வளர வளர அது தளரும். நாம் கண்ட பூட்டு அத்தகையதன்று. எமது மாணவி பத்தாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புக்குச் சென்றாலும் அப்பூட்டு தளராது; ஏனெனில் அவள் என்றொருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது.

மூன்றாவது தடையே வலியது. “குறைத்த பதிப்பை மறுத்தால் முழுப் பதிப்புக்கு நீங்கள் எங்கே பணம் தேடுவீர்கள்? விலைவேறுபாட்டினாலன்றோ ஏழைக்கும் ஏதோ கிடைக்கின்றது?” என்பர். இதற்கு வாதத்தால் மட்டுமன்றி அனுபவத்தாலும் விடை கூறலாம். பிரேசில் அரசு 2005இல் ‘எல்லோருக்கும் கணினி’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அதன்முன் ஸ்டார்டர் பதிப்பும் வைக்கப்பட்டது. அதனை ஏற்காமல், கட்டற்ற மென்பொருளைக் கொண்ட கணினிகளுக்கே அத்திட்டம் சலுகை அளித்தது. கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள். கேரள மாநிலம் 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினிக் கல்வித் திட்டத்தைப் படிப்படியாக இத்தகைய மென்பொருளுக்கே மாற்றியது. மலையாளத்திற்கு ஏற்றவாறு அதனை அமைத்துக்கொண்டதோடு ஆசிரியர்களையும் பெருந்தொகையிற் பயிற்றியது. அரைப் பொருள் அல்லது வெறுங்கை என்ற இரண்டே வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு எம்மைக் கேட்பவர்கள் மூன்றாவது வழியை மறைத்துவிடுகிறார்கள்.

ஆயினும் திறந்த கணினி கைக்கு வந்ததும் கல்வி தானே மலர்ந்துவிடும் என்று மயங்குதலும் தவறு. ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்ற இயக்கம் 2005இல் நூறு டொலர்க் கணினியை வாக்களித்துப் புறப்பட்டது. வந்த கணினியின் விலை 2007இல் ஏறத்தாழ 188 டொலராயிற்று. எனினும் அது வெயிலிலும் வாசிக்கத்தக்க திரையோடு, கட்டற்ற மென்பொருளோடு, மிக நுட்பமாக அமைக்கப்பட்ட யந்திரம். பெரு நாடு எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளை வழங்கியது. 2012இல் வெளிவந்த மதிப்பீடு கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. பொதுவான சிந்தனைத் திறன்களிற் சிறிது முன்னேற்றத்தையே கண்டது. இணைய வசதியற்ற, போதிய பயிற்சி பெறாத ஆசிரியர்களைக் கொண்ட கிராமப் பாடசாலைகளில் கணினியைத் தனியே விட்டுவிட்டால் வேறு எதனை எதிர்பார்க்கலாம்? பூட்டில்லாமை கல்விக்குப் போதியதன்று. ஆயின் அஃதின்றி அமையாது.

அவ்வாறாயின் பூட்டு உண்மையிற் செய்யும் தீங்கு யாது? ஒரு நிரல் குறைந்தது என்பதன்று. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்தை அது நாள்தோறும் கற்பிக்கின்றது: “இவ்வளவே உனக்கு.” நான்காவது சாளரத்தைத் திறக்க முயன்று தோற்ற பிள்ளை ஐந்தாவது நாள் முயலமாட்டாது. முயலாமை பழக்கமாகின்றது, பழக்கம் இயல்பு என்று பெயர் பெறுகின்றது. பின்னர் நாமே ஆசிரியர் அறையிலிருந்து, “இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை” என்று பேசிக்கொள்கிறோம்.

எமது மலைநாட்டு மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது 6 முதல் 10 வயது வரையுள்ளோரையே கருத்திற் கொண்டது. ஐந்தாம் வகுப்புக்கு மேற்செல்லாத ஓராசிரியர் பாடசாலையே எம் பாட்டன்மார் கண்ட கல்வி. கொழுந்து பறிக்கவும் கணக்கப்பிள்ளையின் சொற் கேட்கவும் இதற்கு மேல் எதற்கு என்ற எண்ணமே அதன் அடியில் இருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டில் மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்கு வெளியே நின்றன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறலாயிற்று. குறைந்த செலவில், குறைந்த வசதிகளோடு, அப்பிள்ளைகளுக்கென்றே அமைக்கப்பட்ட கல்வி அது. கையளிப்பு விழாவிற் கேட்ட சொற்கள் எமக்கு ஏன் பழக்கமானவையாய் ஒலித்தன என்பது பின்னரே விளங்கியது.

இன்றும் எமது நாட்டுப் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. பதினோராம் வகுப்போடு நிற்பவை இரண்டாம் வகை. அதற்குக் கீழ் நிற்பவை மூன்றாம் வகை. ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளுள் 1ஏபி வகையினவை பத்தில் ஒரு பங்கு அளவினவே. எமது பாடசாலை 1சி. எமது மாணவி விஞ்ஞானம் படிக்க விரும்பினால் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தைத் தினமும் மேற்கொள்ள வேண்டும். அல்லது விருப்பத்தைக் கைவிட வேண்டும். இது இல்லாமையா, பூட்டா? ஆய்வுகூடம் இல்லை, ஆசிரியர் இல்லை. ஆகவே இல்லாமை என்று தோன்றும். ஆயின் ஓராண்டு இல்லாமை இல்லாமையே. இருபது ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒப்பமிட்ட தீர்மானத்தினால் தொடரும் இல்லாமை, பூட்டன்றி வேறென்ன? அம்மாணவியின் வினா கணினியோடு நின்றுவிடவில்லை என்று நாம் கூறுவது இதனாலேதான்.

ஆசிரிய நண்பர்களே, நாம் கணினி நிறுவனங்களை நாளையே மாற்றிவிடப் போவதில்லை. ஆயின் பாடசாலை வாயிலில் இறங்கும் ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும் மூன்று வினாக்களை நாம் கேட்கலாம்; கேட்டேயாக வேண்டும். இதில் இல்லாதது பணமின்மையால் இல்லையா, இருந்தும் அடைக்கப்பட்டுள்ளதா? அடைக்கப்பட்டிருப்பின் திறவுகோல் எவரிடம் உள்ளது. பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப அதனைத் திறக்கும் அதிகாரம் பாடசாலைக்கு உண்டா? இதன் ஆயுளைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்களைக் கேட்பது நன்றிகெட்ட செயலன்று. தானம் பெறுபவன் வாய் திறக்கலாகாது என்பது பிரபுத்துவ கால ஒழுக்கம்; அதனை நாம் பிள்ளைகளுக்குக் கையளிக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் தமிழ் மன்றக் கூட்டத்தில் அம்மாணவியை அழைத்து எமது விடையைத் திருத்திக் கூறினோம். “அண்டைக்கு நான் சொன்னது பிழை. அந்த வசதி அதுக்குள்ள இருக்கு. பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்” என்றோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பின் அவள், “யார்கிட்ட கேட்டா திறப்பாங்க சேர்?” என்றாள். அன்றே பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினர். அதிபர் முதலில் தயங்கினார். இரண்டு நாள் கழித்து ஒப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை. சஞ்சிகையின் இந்த இதழ் வழமைபோற் கையெழுத்திலேயே வெளிவந்துள்ளது. அதன் முதற் பக்கத்தில் அக்கடிதத்தின் பிரதியை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.